மரியாதையுடன் மறுக்கிறோம்

பந்து எங்கே போய் விழும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம் என்பவர்கள் பந்தை எறிந்து பார்க்காதவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் டோக்கொரோவா, ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன மர ஆலை ஊர். பள்ளித் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் ரோபோ அணியின் அரண்மனை. மழை பெய்தால் பேசுவது கேட்காது. அந்த வருடத்து ஆட்டம் இதுதான்: ரோபோ தரையில் கிடக்கும் நுரைப் பந்துகளைப் பொறுக்கி, களத்தின் எதிர் மூலையில் இருக்கும் வலைக்கூடைக்குள் எறிய வேண்டும். எறிவதற்கு ஒரு சக்கரம், வெறி பிடித்ததுபோல் சுழலும். பந்தின் ஒரு பக்கத்தைச் சக்கரம் தள்ளும், மறுபக்கம் வளைந்த பலகையில் உருளும். ஒரு பக்கம் மட்டுமே தள்ளுவதால் சக்கர விளிம்பின் வேகத்தில் பாதிதான் பந்துக்குக் கிடைக்கும். கூடை நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது, பந்து நாற்பத்தைந்து பாகை சாய்வில் கிளம்புகிறது. எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது சுற்று என்று வந்தது. அடியில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

முதல் பந்து கூடைக்கு ஒரு கை தூரம் முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது அதற்கும் முன்னால்.

"கணக்கு சூப்பர் எரானா," என்றான் தெயாரிகி. ரோபோவை ஓட்டுபவன் அவன்தான். குக் தீவுக் குடும்பம், கை நிதானம், வாய் அடங்காது. "கூடைக்குத்தான் கணக்குத் தெரியல. கொஞ்சம் முன்னாடி நகர்ந்து நிக்கச் சொல்லு."

"வாயை மூடிட்டுப் பந்தைப் பொறுக்கு."

"பந்தும் நானே பொறுக்கணும், வாயையும் நானே மூடணும். மகாராணிக்கு வேற என்ன சேவை?"

தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கக் குளிர்காலம் பாதி போய்விட்டது. சக்கரத்தில் பந்து கொஞ்சம் வழுக்குகிறது, கொஞ்சம் அமுங்குகிறது. அந்த இரண்டும் என் கணக்கில் இல்லை. வேகத்தை ஏற்றி ஏற்றி இரண்டாயிரத்து எழுநூற்றைம்பதில் முதல் பந்து கூடைக்குள் போனது. ஆனால் ஒவ்வொரு பந்தும் போகும்போது சக்கரத்தின் வேகத்தில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும், அதனால்தான் அடுத்த பந்து தடுமாறியது. சக்கரத்தின் விளிம்பில் கனம் கூட்டினோம். வேகம் முழுதாகத் திரும்பிய பிறகுதான் அடுத்த பந்து உள்ளே போகும்படி நிரலை மாற்றி எழுதினேன். அப்புறம் இன்னொன்று பிடிபட்டது. புதுப் பந்து வழுக்கும், நாள் முழுக்க அடிபட்ட பந்து மெத்தென்று ஆகிச் சக்கரத்தை நன்றாகக் கவ்விக்கொள்ளும், கூடையைத் தாண்டிப் பறக்கும். எனவே காலையில் ஒரு வேகம், மாலையில் அதைவிடக் குறைந்த வேகம். இதை நாட்டில் வேறு எந்த அணியும் கண்டுபிடித்திருக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

இந்த நேரத்தில்தான் பியாட்டா கூப்பிட்டாள். பியாட்டா என் பெரியம்மா மகள். எனக்கு நான்கு மாதம் மூத்தவள், அதை வைத்தே பிறந்ததிலிருந்து என்னை அதிகாரம் பண்ணுபவள். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் ஹாமில்டனுக்குக் குடிபோனபின் அவள் அங்கே ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்தாள். ரோபோவுக்கென்றே கண்ணாடிச் சுவர் போட்ட அறை வைத்திருக்கிற பள்ளி. அவளும் அங்கே அணித் தலைவி.

"எரா, எங்க பந்து பைத்தியம் புடிச்ச மாதிரி போகுதுடி. ஒண்ணு கூரைக்குப் போகுது, ஒண்ணு என் காலுக்கே வருது. நீ என்னடி பண்ற?"

எங்கள் ஆட்டத்தில் உதவி கேட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. அடுத்த சுற்றில் நம்மோடு மோதப் போகிறவனுக்கே மோட்டார் கடன் கொடுப்போம். யாரோ ஒருவனுக்கே அப்படி என்றால், பியாட்டாவுக்கு? எல்லாவற்றையும் கொட்டினேன். விளிம்புக் கனம், நிரல், காலை வேகம், மாலை வேகம், எதுவும் மிச்சம் வைக்கவில்லை. அவள் தன் சக்கரத்தைப் போனுக்குப் பக்கத்தில் ஓடவிட்டாள். சத்தத்தைக் கேட்டே "இன்னும் ஏத்து, இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று சொன்னேன். அவள் பக்கத்தில் பந்து கூடைக்குள் விழுந்து, ஒரு கூட்டமே கூச்சல் போட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஊர்க்காரன் பாடுபட்டானாம், பட்டணத்துக்காரன் பலகாரம் தின்னானாம்," என்றான் தெயாரிகி.

"அவ எங்க அக்காடா."

"அதான் பயமா இருக்கு. வெளியாளுன்னா கொஞ்சம் யோசிச்சிருப்ப."

தேசியப் போட்டி ஆக்லாந்தில். கடைசியில் வெல்லும் கூட்டணியில் இருக்கும் இரண்டு அணிகளும் அமெரிக்காவில் நடக்கும் உலகப் போட்டிக்குப் போகும். டோக்கொரோவாவிலிருந்து ஒரு அணியும் அதுவரை போனதில்லை. எனக்கும் தெயாரிகிக்கும் பள்ளியில் அதுதான் கடைசி வருடம். அவன் அடுத்த வருடம் மர ஆலையில் வேலைக்குச் சேர வேண்டியவன். விமானத்தில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்ளவே தொடங்கிவிட்டோம்.

இந்தக் கூட்டணி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் தகுதிச் சுற்றுகள். அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு ஜோடியைத் தருவார்கள். எல்லாம் முடிந்ததும் தரவரிசை வரும். பிறகு மேலே இருக்கும் அணிகளின் தலைவர்கள் வரிசைப்படி மைக்கைப் பிடித்து, தங்களுக்கு வேண்டிய ஒரு அணியைக் கூட்டாளியாக அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் முன்னால் போய் "மரியாதையுடன் ஏற்கிறோம்" என்றோ "மரியாதையுடன் மறுக்கிறோம்" என்றோ சொல்ல வேண்டும். மறுத்தால் கிட்டத்தட்டத் தீர்ந்தது. உடனே அடுத்து வரும் தலைவர் மட்டும் ஒரு தடவை அந்த அணியை அழைக்கலாம், அவரும் விட்டுவிட்டால் வேறு எவரும் அழைக்கக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பொறுக்கி எடுக்கும் சௌகரியம் யாருக்கும் வேண்டாம் என்றுதான் அந்த விதி.

இரண்டாம் நாள் காலை பியாட்டா எனக்குச் சூடாக உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக் கொடுத்து, அரங்கத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"எரா, நாம ரெண்டு பேரும் சேந்தா யாராலயும் தொட முடியாது. நான் உங்களைத்தான் கூப்பிடுவேன். நீங்க எந்த இடத்துல இருந்தாலும்."

"நிஜமாவா?"

"எங்க அம்மா மேல சத்தியம். ஆனா எனக்கு முன்னாடி வேற எவனாவது கூப்பிட்டா நீ வேணாம்னு சொல்லிடணும். அடுத்த மூச்சுல நான் கூப்பிட்டுடுவேன். சரியா? ரெண்டு பேரும் ஒண்ணா அமெரிக்கா போறோம்டி."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

தகுதிச் சுற்றில் எங்களுக்கு ராசி இல்லை. ஒரு ஆட்டத்தில் பேட்டரி வயர் கழன்றுகொண்டது. இரண்டு ஆட்டங்களில் சீட்டில் வந்த ஜோடி ரோபோ பிள்ளையாராக உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. தரவரிசையில் எங்கேயோ நடுவில் போய் விழுந்தோம், கூட்டாளியை அழைக்கும் வாய்ப்பு போயிற்று. ஆனால் அந்த அரங்கத்தில் எங்களைப் போல் எறிந்தவர்கள் யாரும் இல்லை. மற்ற அணிகளின் ஒற்றர்கள் எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எவராவது அழைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதல் இடத்தில் கேலம் என்பவனின் அணி. வெலிங்டன்காரன். ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவர்கள் ரோபோ பந்து பொறுக்குவதில் புலி, எறிவதில் சுமார். இரண்டாவது இடத்தில் பியாட்டா.

"முதல் இடத்துக்காரன் கூப்பிட்டா கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லு," என்றான் தெயாரிகி. "அவன் பொறுக்குவான், நாம எறிவோம். ஆட்டமே முடிஞ்சுது."

"பியாட்டாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"எரானா, என்னைப் பாரு. வாக்கை வெச்சு வடை சுட முடியாது."

"அவ கூப்பிடுவாடா. எங்க பெரியம்மா மேல சத்தியம் பண்ணிருக்கா. உனக்கு என் மேல நம்பிக்கை இருக்கா இல்லையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "உன் மேல இருக்கு," என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்டு களத்துக்கு இறங்கினேன்.

கேலம் மைக்கை வாங்கிய கையோடு எங்கள் அணியைத்தான் அழைத்தான். யோசிக்கக்கூட இல்லை. அரங்கம் கைதட்டியது. நான் முன்னால் போனேன். பியாட்டாவைப் பார்த்தேன், அவள் லேசாகத் தலையசைத்தாள். இதற்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

"மரியாதையுடன் மறுக்கிறோம்," என்றேன்.

கேலம் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் சிரித்துக்கொண்டே நின்றான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் அணியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேலம் வேறொரு அணியை அழைத்தான், அவர்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து பியாட்டா. மைக் அவள் கைக்குப் போனது. என் கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது, அழைப்பதற்கு முன்பே. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டு, கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த அணியின் பெயரைச் சொன்னாள்.

முன்னால் வைத்த காலை எப்படிப் பின்னால் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கிறைஸ்ட்சர்ச் ரோபோவுக்கு எறியவே வராது. ஆனால் பொறுக்குவதில் கேலமுடையதைவிடச் சூட்டிகை. அங்கேயே, அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்றபடியே எனக்குப் புரிந்துபோயிற்று. எறிவதற்கு அவளுக்கு நான் தேவையில்லை. எறிவதைத்தான் நான் குளிர்காலத்திலேயே கொடுத்துவிட்டேனே. நான் கேலமோடு சேராமல் இருப்பது மட்டுமே அவளுக்குத் தேவைப்பட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். என் விஷயத்தில் கத்தியைக்கூட அவள் பிடிக்கவில்லை, என் கையிலேயே கொடுத்து அறுக்க வைத்தாள்.

அதோடும் விடவில்லை. கடைசித் தலைவர் ஒருவர், பாவம், ஆசையில் எங்களை அழைத்துவிட்டார். நடுவர் மைக்கை வாங்கி, "மறுத்த அணியை இனி அழைக்க முடியாது, வேறு பெயர் சொல்லுங்கள்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

இறுதி ஆட்டத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். போய்விடலாம் என்றால் வேன் ஓட்டும் ஆசிரியருக்குப் பார்க்க ஆசை. பியாட்டாவின் சக்கரம் சுழலத் தொடங்கியதும் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தது. மாலை வேகம். பந்துகள் நன்றாக அடிபட்டிருந்தன, அதற்குத் தக்கபடி குறைத்து வைத்திருந்தாள். கேலமின் கூட்டாளி வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் பந்தையெல்லாம் கூடைக்கு மேலே பறக்கவிட்டான். பியாட்டாவுடையது ஒவ்வொன்றாக, அழகாக, உள்ளே போயிற்று. நான் ஊட்டி வளர்த்த பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்பதுபோல் இருந்தது. அவர்கள் வென்றார்கள்.

தெயாரிகி திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ரோபோவைத் தூக்கி வேனின் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் மாட்டினான்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட," என்றான். "நீ அவளை நம்பின. நாங்க உன்னை நம்பினோம்." அப்புறம் டோக்கொரோவா வரைக்கும் அந்த வாயாடி வாயைத் திறக்கவில்லை.

பியாட்டாவின் அணி அமெரிக்கா போவதற்காகக் குடும்பமே சேர்ந்து மண்குழிக்குள் வேகும் ஹாங்கிச் சாப்பாடு போட்டு விற்பது என்று முடிவாயிற்று. எங்கள் வழக்கம் அது. ஒருத்தர் எங்காவது போவதென்றால் எல்லாரும் உழைத்து அனுப்ப வேண்டும். வரமாட்டேன் என்றேன். அம்மா காரில் ஏற்றினாள். பெரியம்மா வீட்டுத் தோட்டத்தில் மாமாக்கள் குழி வெட்டிக் கல்லைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெண்களெல்லாம் மேசையைச் சுற்றி நின்று பூசணியும் கூமராக் கிழங்கும் தோல் சீவினோம். என்னிடம் ஒரு மலை முட்டைக்கோஸ் வந்தது. என் வயிற்றில் அடித்தவளுக்கு வழிச்செலவு சேர்க்க நான் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் பியாட்டா என் பக்கத்தில் வந்து ஒரு கூமராவை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.

"எரா, ஒண்ணு கேக்கணும். அங்க புது மாதிரிப் பந்தாம்டி. கொஞ்சம் கனம் ஜாஸ்தி. அளவெல்லாம் அனுப்பிருக்காங்க. வேகம் எவ்வளவு வெக்கணும்?"

நான் கத்தியை நிறுத்தினேன். "பந்து கனமானதும்தான் என் ஞாபகம் வந்துச்சா?"

"நான் எத்தனை தடவை போன் பண்ணேன், நீதான் எடுக்கல."

அது உண்மைதான். எடுக்கவில்லை.

"கேலம் எங்களைக் கூப்பிடுவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா பியாட்டா?"

அவள் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியும். அவங்க ஆள் முதல் நாளே சொல்லிட்டான்."

"அதுக்கப்புறம்தான் சிப்ஸ் வாங்கிக் குடுத்தியா?"

"நீங்க அவனோட சேந்திருந்தா நாங்க ஜெயிச்சிருக்கவே முடியாதுடி. அவ்வளவு நல்லா எறிஞ்சீங்க. யாரை வேணா கேளு." குரலைத் தாழ்த்தி, என் தோளில் தோளை இடித்து, சின்ன வயதில் இனிப்பு திருடியபோது சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். என்னைப் பாராட்டுகிறாளாம். செருப்பால் அடித்திருந்தால்கூட இந்த அளவுக்கு வலித்திருக்காது.

அம்மா கீரைக் கட்டோடு வந்தாள். "என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"பந்து எறியற வேகம் கேட்டேன் சித்தி. எரா சொல்ல மாட்டேங்கிறா."

"ஏண்டி, சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ?"

"அம்மா, இவ என்னை ஏமாத்தினா. எங்களைக் கூப்பிடறேன்னு சத்தியம் பண்ணி, கேலமை வேணாம்னு சொல்ல வெச்சா. அப்புறம் கூப்பிடல." மேசையைச் சுற்றியிருந்த அத்தைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியம்மாவும் பார்த்தாள்.

"நீதானே மைக்கைப் புடிச்சு வேணாம்னு சொன்ன?" என்றாள் அம்மா. "நாங்க எல்லாரும் இங்கதான் உக்காந்து டிவில பாத்துக்கிட்டு இருந்தோம். அந்தப் பையன் எவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டான். நீ முடியாதுன்னுட்ட. எனக்கு இவங்க முன்னாடி தலையைத் தூக்க முடியல."

"இவ சொல்லித்தாம்மா சொன்னேன்!"

"அப்படியா பியா? நீ சொன்னியா?"

பியாட்டா என்னைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். ஒரு நொடி, சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அத்தனைக்குப் பிறகும் நினைத்தேன் பாருங்கள்.

"அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்ல சித்தி," என்றாள்.

ஓர் அத்தை உச்சுக் கொட்டினாள். அம்மா என் முதுகில் கை வைத்தாள், அன்பாகத்தான் வைத்தாள். "பொறாமை வேணாம்மா. அவ போனா நாம எல்லாரும் போன மாதிரி. நீதான் எல்லாத்தையும் மனப்பாடமா வெச்சிருப்பியே, கேக்கறதைச் சொல்லிக் குடு."

பந்தின் கனம் கூடினால் சக்கரம் எவ்வளவு வேகம் இழக்கும், விளிம்பில் எவ்வளவு சேர்க்க வேண்டும், வேகத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் மண்டைக்குள் ஓடி முடிந்திருந்தது. தப்பாக ஒரு எண்ணைச் சொல்லலாம் என்றும் தோன்றியது. அது அவள் செய்கிற வேலை.

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பியாட்டாவின் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"எனக்கும் ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

கிழங்கு சீவிக்கொண்டிருந்த பியாட்டாவின் கை நின்றுவிட்டது. நான் அடுத்த முட்டைக்கோஸை எடுத்து இரண்டாகப் பிளந்தேன்.